லரூவின் நூற்றுப் பதினாறு பாப்பிச் செடிகள்

லரூவின் இறுதிச் சடங்கில் அவளுடைய வாழ்க்கையைச் சொல்ல என்னைத்தான் கேட்டார்கள். எங்கள் சபையில் அது ஒரு முறை. ஜெபம், பாட்டு, அதன் பிறகு போனவரைப் பற்றி யாராவது ஒருவர் எழுந்து பிறந்ததிலிருந்து பத்து நிமிடம் பேச வேண்டும்.

"உங்களைவிட அவங்களுக்கு நெருக்கம் யாரு, சிஸ்டர் நெட்ரா?" என்றார் பிஷப்.

நெருக்கம்தான். பதினான்கு வருடம் பக்கத்திலேயே நின்று வயிறெரிந்தவளை வேறு எப்படிச் சொல்வது? பத்து நிமிடமும் நல்லதாகவே பேசினேன். பின் வரிசையில் இரண்டு பேர் அழுதார்கள். பிறகு எல்லோரும் பக்கத்துக் கூடத்துக்குப் போய் சீஸ் போட்ட உருளைக்கிழங்கும் பச்சை ஜெல்லியும் சாப்பிட்டார்கள். அங்கே சொல்லாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன்.

லரூ வடக்கே ஓர் ஆட்டுப் பண்ணையில் பிறந்தவள். ஒன்பது பிள்ளைகளில் ஏழாவது. பத்தொன்பது வயதில் கல்யாணம், முப்பத்தொன்றில் புருஷனை மரம் அறுக்கும் ஆலை கொண்டுபோயிற்று. இரண்டு பெண்களை வைத்துக்கொண்டு பள்ளிக்கூடப் பஸ் ஓட்டினாள். பனியிலும் மலைப்பாதையிலும் இருபத்தாறு வருடம் ஓட்டி, ஒரு பிள்ளைக்கும் ஒரு கீறல் கூட விழவில்லை. எலும்பு பனியைத் தாங்காது என்று டாக்டர் சொன்னதும் ஐம்பத்தெட்டாவது வயதில் யூட்டா மாநிலத்தின் தென்மூலையில் இருக்கும் எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தாள். வந்தவள் சும்மா இருந்திருக்கலாம்.

எங்கள் ஊரில் பெருமைப்பட அதிகம் கிடையாது. ஒரு பெட்ரோல் பங்க், ஒரு சபைக் கட்டடம், வருடத்தில் ஐந்து மாதம் அடுப்படி வெயில். ஆனால் ஊரைச் சுற்றி இருபது மைலுக்குள், சாம்பல் நிற ஜிப்சம் மேடுகளில் மட்டும், உலகத்தில் வேறெங்கும் இல்லாத ஒரு செடி இருக்கிறது. கரடிநகப் பாப்பி. கசகசாவுக்குத் தூரத்துச் சொந்தம். கையகலச் செடி, இலை நுனியில் கரடி நகம் போல விறைத்த முடி, நாலு வெள்ளை இதழ்கள். மொட்டாக இருக்கையில் தலையைத் தொங்கப் போட்டிருக்கும், பூத்ததும் நிமிர்ந்துகொள்ளும். பிடுங்கி வீட்டில் வைத்தால் ஒரு வாரத்தில் செத்துப்போகும். அரசாங்கம் இதை அழிவின் விளிம்பில் இருக்கும் செடிகளின் முதல் பட்டியலில் வைத்திருந்தது.

ஊருக்குப் பின்னால் உள்ள பதினொன்றாம் மேட்டில் அந்தச் செடிகளை வருடா வருடம் எண்ணிக்கொண்டிருந்தவள் நான். தபால் ஆபீஸ் வேலை போக, மே முதல் வாரம் அந்த மேடு என்னுடையது. அரசாங்க நில அலுவலகம் கொடுக்கும் படிவத்தில் இரண்டு கோடுகள் இருக்கும். ஒன்றில் எண்ணியவர், அதற்குக் கீழே எழுதியவர். இரண்டு பெயரும் இல்லாமல் அந்தக் கணக்கு செல்லாது. பதினோரு வருடம் மேல் கோட்டில் என் பெயர், கீழே என் புருஷன் டெல்மர் பெயர். பிறகு டெல்மருக்கு முழங்கால் போயிற்று. அவர் கையெழுத்து அதற்கு முன்பே போய்விட்டது. நில அலுவலகத்தின் செடி நிபுணர் வெண்டல், "மூணா எட்டான்னு தெரியல, வேற ஆள் பாருங்க" என்றார். ஞாயிற்றுக்கிழமை பெண்கள் வகுப்பில் ஒரு தாளைச் சுற்றுக்கு விட்டேன். நாற்பது பெண்கள் கை மாறி வந்த தாளில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. லரூ.

முதல் நாள் மேட்டடியில் நிறுத்திச் சொன்னேன். "இங்க கண்ட இடத்துல கால வைக்கக் கூடாது. மண்ணு மேல கருப்பா பொருக்கு தெரியுதா, அது உயிருள்ளது. ஒடஞ்சா நம்ம காலத்துல ஒட்டாது. போன வருஷம் நான் எங்க மிதிச்சேனோ அங்கதான் நீங்களும் மிதிக்கணும்."

"சரிங்க சிஸ்டர்" என்று பின்னால் வந்தாள். சொன்னதைத் தப்பாமல் செய்தாள். ஆனால் என் கால் ஆறாம் அளவு, அவள் பூட்ஸ் பத்து. மேட்டைச் சுற்றி இறங்கும்போது திரும்பிப் பார்த்தேன். பதினோரு வருடத் தடங்களில் என் கால் ஒன்றையும் காணவில்லை. எல்லாம் அவள் கால்.

அன்றைக்கே எனக்குப் பிடிக்காமல் போயிற்று. வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

மூன்றாவது வருடம் நான் நூற்று முப்பத்தொன்று என்றேன். லரூ பென்சிலைப் பிடித்தபடி, "எனக்கு நூத்தி முப்பத்தெட்டு வருது நெட்ரா" என்றாள். அதற்குள் நாங்கள் நீ, நான் என்று ஆகியிருந்தோம்.

"எழுதுறவ எதுக்கு எண்ணற?"

"பழக்கம். தானா எண்ணிக்கும்."

வெண்டல் மறுவாரம் இரண்டு பேரோடு வந்து திரும்ப எண்ணினார். நூற்று முப்பத்தெட்டு. அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு, "எப்படிங்க லரூ?" என்று கேட்டார்.

"பஸ்ஸுல பிள்ளைங்கள எண்ணின கண்ணு சார். ஒண்ணு கொறஞ்சா ஒரு அம்மாக்காரி ரோட்டுல நிப்பா."

அடுத்த வருடம் படிவம் வரும்போதே பெயர்கள் அச்சடித்து வந்தன. எண்ணியவர், லரூ. எழுதியவர், நெட்ரா. யாரும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அன்று வீட்டில் வைத்த ரொட்டி மாவு எழும்பவே இல்லை.

அதற்குப் பிறகு பத்து வருடம். செடிகளை அவள் பஸ் இருக்கைகளாகத்தான் சொல்வாள். "டிரைவருக்குப் பின்னால ரெண்டாவது சீட்டு இந்த வருஷம் பூக்கல" என்பாள். வெண்டல் அதைக் குறித்துக்கொள்வார். உள்ளூர்ப் பத்திரிகை அவளைப் 'பாப்பி அம்மா' என்று எழுதி, மேட்டில் குந்தியிருக்கும் படத்தைப் போட்டது. படத்தின் ஓரத்தில் ஒரு முழங்கை தெரியும். அது என்னுடையது. டெல்மர் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "லரூ நல்லா விழுந்திருக்காங்க" என்றார். அன்று அவருக்குப் பழைய சூப்தான்.

நான் கெட்டவள் இல்லை. அவளுக்குக் காய்ச்சல் என்றால் முதலில் நான்தான் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போவேன். அவளும் பாத்திரத்தைக் கழுவி, உள்ளே ஏதாவது வைத்துத்தான் திருப்பித் தருவாள். அவள் வைத்துத் தருவது நான் கொடுத்ததைவிட ருசியாக இருக்கும். அதுவும் எரிச்சல்தான்.

இப்போது அந்த வருடத்துக்கு வருகிறேன். ஐந்து வருடத்துக்கு ஒரு முறை மத்திய அரசு ஆட்கள் செடியின் நிலையைப் பரிசீலிப்பார்கள். முதல் பட்டியலில் வைப்பதா, இரண்டாம் பட்டியலுக்கு இறக்குவதா என்று முடிவு செய்வார்கள். இறக்கினால் பதினொன்றாம் மேட்டின் குறுக்கே சாலை போடலாம். கவுண்டிக்காரர்கள், அதாவது எங்கள் மாவட்ட நிர்வாகம், அந்தச் சாலைக்காக வெகுநாளாகக் காத்திருந்தார்கள். அந்தக் குளிர்காலத்தில் இதுவரை பார்க்காத மழை பெய்தது. மார்ச் மாதம் லரூவின் சின்ன மகளுக்குப் பிரசவம். லரூ வடக்கே ஐடஹோ மாநிலத்துக்குப் போனாள். "மே ஒண்ணாந்தேதி வந்துடுவேன். நான் வந்து எண்ணலாம்" என்றாள்.

நான் வந்து எண்ணலாம் என்றாளே, அந்த 'நான்' என் காதில் ஒரு மாதம் கிடந்தது.

ஏப்ரல் இரண்டாம் வாரம் மேட்டுப் பக்கம் போனேன். மண் தெரியவில்லை. மழைக்கு, எத்தனையோ வருடமாக மண்ணுக்குள் தூங்கிய விதையெல்லாம் எழுந்து, நகக்கண் அளவு முளைகளாக நின்றது. எண்ணும் விதி எனக்குத் தெரியும். சோடா பாட்டில் மூடியைவிட அகலமாக இருந்தால்தான் அது செடி. அதற்குக் குறைந்தது முளை, தனிக் கட்டத்தில் எழுத வேண்டும். முளைகளில் பெரும்பாலானவை ஜூனைப் பார்க்காது. அதனால்தான் மே வரை பொறுப்பது. இதெல்லாம் தெரியாமல் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். வீட்டு அலமாரியில் பழைய காலத்துப் படிவங்கள் இருந்தன. அதில் செடிகள் என்று ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது. பழைய படிவத்தையே எடுத்துக்கொண்டேன். அவ்வளவுதான் நான் செய்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

டெல்மர் டிரக்கில் உட்கார்ந்து எழுதினார். நான் மேட்டிலிருந்து எண்ணைக் கத்தினேன். மூன்று நாள். மூவாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு. மேல் கோட்டில் என் பெயரை எழுதும்போது இனித்தது.

வெண்டல் அப்போது தலைநகரில் ஒரு மாதப் பயிற்சியில் இருந்தார். படிவம் நேராக மேலே போயிற்று. அடுத்த வாரமே பத்திரிகையின் முதல் பக்கத்தில் நான். முழங்கை இல்லை, முழு ஆள். 'மீண்டது பாப்பி' என்று தலைப்பு. ஞாயிற்றுக்கிழமை பிஷப் மேடையிலேயே கைகுலுக்கினார். சந்தோஷம் எட்டு நாள் இருந்தது. ஒன்பதாம் நாள் கவுண்டி அறிவிப்பு வந்தது. மே கடைசி வியாழக்கிழமை பொதுக் கூட்டம், செடியை இரண்டாம் பட்டியலுக்கு இறக்கக் கோரிக்கை, ஆதாரம் என்னுடைய எண்.

லரூ சொன்ன தேதிக்கு வந்தாள். நான்கு நாள் கழித்து ஒரு மூட்டை ஐடஹோ உருளைக்கிழங்கோடு என் சமையலறைக்குள் நுழைந்தாள். மூட்டையை இறக்கிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"பேத்தி எப்படி இருக்கா?" என்றேன்.

"அழகா இருக்கா. மேட்டுக்குப் போயிருந்தேன் நெட்ரா."

"நீ போயிருப்பேன்னு தெரியும்."

"மூவாயிரமா?"

"மூவாயிரத்து நானூத்திப் பன்னெண்டு."

"நூத்திப் பதினாறுதான் இருக்கு. மிச்சமெல்லாம் முளை. இப்பவே காய ஆரம்பிச்சாச்சு." உருளைக்கிழங்கு மூட்டையின் கட்டை அவிழ்த்தாள். "பஸ்ஸுல ஏறும்போது எண்ணினா போதாது. எல்லாத்தையும் எறக்கி விட்டுட்டு எண்ணணும்."

"எனக்குப் பாடம் எடுக்க வந்தியா?"

"இல்ல. கூப்பிட வந்தேன். நாளைக்குப் போய்ப் புதுப் படிவத்துல எண்ணிடலாம். நான் எண்ணறேன், நீ எழுது. ரெண்டு பேரு இருந்தாதான செல்லும்."

நான் எண்ணுகிறேன், நீ எழுது. இதைக் கேட்க அவளுக்கு நான்தான் கிடைத்தேனா?

"டெல்மரக் கூட்டிட்டுப் போ. சபையில நாப்பது பொம்பளைங்க இருக்காங்க, யாரையாவது கூட்டிட்டுப் போ."

"அது உன் மேடு" என்றாள். "நீயே வெண்டலுக்குப் போன் பண்ணிச் சொல்லிடு. நான் சொல்ல மாட்டேன்."

அவள் போன பிறகு டெல்மர் உள்ளே வந்தார். "சொல்லிடேன் நெட்ரா" என்றார்.

"நீங்க எழுதினதுதான் அந்த நம்பர்."

"நீ கத்தினத எழுதினேன்."

மூன்று வாரம் போன் பக்கத்திலேயே நடமாடினேன். ஒரு தடவை எண்ணைக் கூடச் சுழற்றி, மணி அடிக்குமுன் வைத்துவிட்டேன். லரூ வேறு யாரையும் கூட்டிக்கொண்டு போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் எப்போதும் போல என் பக்கத்தில் உட்கார்ந்து பாட்டுப் புத்தகத்தைப் பாதி என் பக்கம் நீட்டினாள். அவள் திட்டியிருந்தால் எனக்குத் தெம்பாக இருந்திருக்கும்.

கூட்டத்துக்கு முந்தின நாள் தனியாக மேட்டுக்குப் போனேன். முளைகள் பழுப்பாகச் சுருண்டு கிடந்தன. விரலால் தொட்டதும் பொடியாயிற்று. அங்கொன்று இங்கொன்று பெரிய செடி, பூ முடிந்து காய் வெடித்து நின்றது. மூவாயிரம் எங்கே என்று யாராவது கேட்டால் காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை. அப்போதும் எனக்கு வந்தது பாப்பியை நினைத்துத் துக்கம் இல்லை. நாளைக்கு லரூ எழுந்து உண்மையைச் சொல்லப் போகிறாள், எல்லோரும் அவளைப் பார்ப்பார்கள் என்பதுதான் வந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் வந்தது.

பள்ளிக்கூடத்தின் கூடைப்பந்துக் கூடத்தில் கூட்டம். இருநூறு பேர் இருப்பார்கள், ஆளுக்கொரு பெரிய கோப்பை சோடா. முன்னால் மேசையில் மத்திய அரசு ஆட்கள் மூன்று பேர், ஓரத்தில் முகம் தொங்கிப்போன வெண்டல். கவுண்டிக்காரர் மைக்கில், "எங்க ஊருப் பொண்ணு, நம்ம சிஸ்டர் நெட்ரா, கையால எண்ணின கணக்கு, மூவாயிரத்து நானூத்திப் பன்னெண்டு" என்று வாசித்தார். சிலர் கைதட்டினார்கள்.

என் பக்கத்தில் இருந்த லரூ எழுந்தாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பாப்பி அம்மா பேசப் போகிறாள் அல்லவா.

"அந்தக் கணக்கு தப்புங்க" என்றாள். "நாங்க ரெண்டு பேரும் அவசரப்பட்டு ஏப்ரல்லயே எண்ணிட்டோம். முளையையும் சேத்துட்டோம். எங்க மேல தப்பு. மன்னிச்சிடுங்க."

வாழ்நாளில் அவள் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. நாங்கள் ரெண்டு பேரும் என்றாள். பாதிப் பழியைத் தன் தலையில் எடுத்துப் போட்டுக்கொண்டாள், அதுவும் எத்தனை அழகாக. கூட்டத்தில், "பாவம் லரூ, எவ்வளவு நேர்மை பாரு" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. எனக்குள் என்னவோ அறுந்தது. மேட்டை எடுத்துக்கொண்டாள், மேல் கோட்டை எடுத்துக்கொண்டாள், என் கால் தடத்தைக் கூட எடுத்துக்கொண்டாள். இப்போது என் தப்பிலும் பங்கு கேட்டு வந்துவிட்டாள்.

எழுந்து நின்றேன். மைக் வேண்டியிருக்கவில்லை.

"அவ பொய் சொல்றா. ஏப்ரல்ல அவ ஐடஹோவுல இருந்தா. எண்ணினது நான். நான் மட்டும்."

மேசையில் இருந்த பெண் அதிகாரி மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "எப்பவும் மே மாசம்தானே எண்ணுவீங்க? இந்த வருஷம் ஏன் ஏப்ரல்?"

"அவ வர்றதுக்குள்ள முடிச்சிடணும்னு."

"ஏன்?"

"என் பேரு மேல வரணும்னு."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. லரூ என் பாவாடையைப் பிடித்து இழுத்து, "உக்காரு நெட்ரா, போதும்" என்றாள். உட்கார்ந்தேன். கன்னம் இரண்டும் எரிந்தது. ஆனால் அந்தத் தப்பு முழுசாக என்னுடையது. அதில் அவளுக்கு இம்மி கூடக் கிடைக்கவில்லை.

அதிகாரிகள் குசுகுசுவென்று பேசிவிட்டு ஒரு வாரம் கொடுத்தார்கள். முறைப்படி இரண்டு பெயரோடு கணக்கு வந்தால் அதை எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்கள்.

சனிக்கிழமை விடிந்ததும் போனோம். மேட்டடியில் லரூ புதுப் படிவத்தை எடுத்தாள். பலகையைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"நீ எண்ணு. நான் எழுதறேன்."

"எனக்குப் பிச்சை போடாத."

"எனக்கு முட்டி வலிக்குது. எண்ணு."

முட்டி வலி பொய் என்று தெரியும். ஒரே வாரத்தில் இரண்டாவது பொய். மூடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஏறினேன். அவள் தடங்களில் என் சின்னக் கால் தாராளமாக அமர்ந்தது. செடிக்குச் செடி குனிந்து, மூடியை வைத்துப் பார்த்து, சத்தமாக எண்ணினேன். வெயில் முதுகில் ஏறுவதற்குள் மேட்டைச் சுற்றி முடித்துவிட்டேன். இறங்கி வந்து, "நூத்திப் பதினஞ்சு" என்றேன்.

லரூ எழுதவில்லை. பாறையில் உட்கார்ந்து, பென்சிலைப் பலகைமேல் வைத்துவிட்டு, தண்ணீர் குடித்தாள்.

"நூத்திப் பதினஞ்சு லரூ."

"கேட்டுச்சு."

"எழுது."

அவள் மேட்டைப் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை. எங்கே விட்டேன் என்று சொல்லவில்லை, விட்டுவிட்டாய் என்றும் சொல்லவில்லை. பென்சிலை மட்டும் எடுக்கவில்லை. அவளை அப்போது எவ்வளவு வெறுத்தேன் என்று எழுத எனக்கு எந்த மொழியும் போதாது. திரும்ப ஏறினேன். முக்கால் மணி நேரம். கிழக்குச் சரிவில் ஓர் உப்புப் புதருக்கு அடியில், பாதி புதைந்து, ஒற்றைக் காய்ந்த காம்போடு ஒரு செடி இருந்தது. மூடியை வைத்தேன். மூடியைவிட ஒரு நூலளவு அகலம்.

"நூத்திப் பதினாறு" என்று அங்கிருந்தே கத்தினேன்.

அப்போதுதான் எழுதினாள். நான் இறங்கி வருவதற்குள் கீழ்க் கோட்டில் தன் பெயரையும் போட்டிருந்தாள்.

செடி முதல் பட்டியலிலேயே இருக்கிறது. சாலை தெற்கே தள்ளிப் போயிற்று. அதற்குப் பிறகு நாங்கள் சேர்ந்து எண்ண ஒரே ஒரு மே மாதம்தான் கிடைத்தது. பிப்ரவரியில் தூக்கத்திலேயே போய்விட்டாள், யாருக்கும் தொந்தரவு கொடுக்காமல், எப்போதும் போல என்னைவிட ஒழுங்காக.

இந்த மே மாதம் மேல் கோட்டில் என் பெயர் அச்சடித்தே வந்தது. போட்டிக்கு ஆளில்லை. டெல்மர் டிரக்கில் உட்கார்ந்து ஜன்னலைத் திறந்து வைத்திருந்தார். மேட்டைச் சுற்றி இறங்கி வந்து, "தொண்ணூத்தி நாலு" என்றேன். அவர் உடனே எழுதிவிட்டார்.

"எதுக்கு அதுக்குள்ள எழுதினீங்க?" என்று கேட்டேன்.

"நீதானே சொன்ன" என்றார் டெல்மர்.

பலகையை அவர் கையிலிருந்து வாங்கி, எழுதியதை அழித்துவிட்டு, மறுபடியும் மேட்டில் ஏறினேன்.